மேட்டூர் நீர்மட்டத்தை வைத்து வீட்டுச் சுவரில் கணக்கு: செய்முறை

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் டீக்கடையிலிருந்து ரேஷன் கடை வரிசை வரை ஒரே கேள்விதான்: "மேட்டூர்ல இன்னிக்கு எவ்வளவு?" அந்த எண்ணைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

தேவை: கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் சில, பென்சில், ஸ்கேல், தமிழ் நாளிதழ். ஆப் எதுவும் வேண்டாம். கோட்டை அதுவே போட்டுவிட்டால் பிள்ளைக்கு என்ன வேலை?

1. தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். கீழே தேதி, பக்கவாட்டில் அடி. ஒரு கட்டம் ஒரு அடி. மேலே 120-க்கு ஒரு சிவப்புக் கோடு. அணையின் முழு மட்டம் அதுதான். பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம், இன்றைய மட்டத்துக்கு இருபது கட்டம் கீழே ஆரம்பித்தால் போதும்.

2. தினமும் காலையில் பேப்பரில் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு எல்லாம் எங்கே என்று பிள்ளையே தேடிப் படித்துப் புள்ளி வைக்கட்டும்.

3. சிக்கல் இங்கேதான். நீர்வரத்தைப் படித்துவிட்டு, "120 அடி அணையில 20,000 அடி தண்ணி எப்படிப்பா வரும்?" என்றாள். அடியும் கன அடியும் குழம்பிவிட்டன. வாயால் விளக்கினால் ஏறாது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி இருக்கும்படி ஒட்டுங்கள். அதுதான் ஒரு கன அடி, சுமார் 28.3 லிட்டர். பிறகு வீட்டுக் குடத்தை லிட்டர் கப்பால் அளக்கச் சொல்லுங்கள். எங்கள் குடம் 14 லிட்டர் பிடிக்கிறது, ஆக இரண்டு குடம். வினாடிக்கு 20,000 கன அடி என்றால், "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் நாற்பதாயிரம் குடம்! அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டிஎம்சி அதற்கப்புறம். நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி. நாளுக்கு 86,400 வினாடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய ஒரு டிஎம்சி. இதற்குக் கால்குலேட்டர் கொடுக்கலாம், தப்பில்லை.

4. பெரிய வாணலியைப் பிரிமனை மேல் வையுங்கள். ஒவ்வொரு டம்ளர் ஊற்றியதும் நடுவில் ஸ்கேலை நட்டு உயரத்தைக் குறிக்கட்டும். முதல் டம்ளருக்கு மளமளவென ஏறும். மேலே போகப்போக ஏற்றம் குறையும். அணையும் அப்படித்தான். 100 அடியில் சுமார் 65 டிஎம்சி, 120 அடியில் 93.47. கடைசி இருபது அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல்! ஆற்றில் வெள்ளம் வந்தும் மட்டம் ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதற்கு என் மகளே காரணம் சொன்னாள்.

5. வழக்கமாக ஜூன் 12-இல் அணை திறப்பார்கள். கல்லணைக்கு வர மூன்று, நாலு நாள் பிடிக்கும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். உங்கள் வாய்க்கால் எதிலிருந்து வருகிறது என்று தாத்தாவிடம் கேட்டுப் பிள்ளை படம் போடட்டும். தண்ணீர் வரும் தேதியை வீட்டில் ஆளுக்கொன்று ஊகித்து எழுதிவையுங்கள். பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருவர் கூடவே போகணும், புதுத் தண்ணீரின் இழுப்பு தெரியாது.

பின்சேர்க்கை: இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் புரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விட்டுவிடுங்கள், முழு அடி மட்டும் போதும்.

வேதாரண்யம் பக்கத்து அம்மா ஒருவர், வாய்க்கால் முடியும் கோடியான கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் பிள்ளைக்கு அலுத்துவிடுகிறது என்றார். அவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மழையை அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டின்னை வெட்டவெளியில் வைத்து, நின்ற தண்ணீரை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். கழுத்து குறுகிய பாட்டில் வேண்டாம், கணக்கு தப்பாக வரும்.