நூலகத்தில் தரவுப் பயிலரங்கு: எங்கே சறுக்குகிறோம்?

கல்லூரி நூலகத்தில் தரவுப் பயிலரங்கு என்றதும் எக்செல் சொல்லித்தர ஆள் தேடுகிறோம். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பைவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) போடக் கற்றுக்கொண்ட மாணவருக்கும், ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் "எதை எதால் வகுத்தார்கள்?" என்று கேட்கத் தோன்றுவதில்லை. கேட்க வைப்பதுதான் நம் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. எழுத்தறிவு பெற்றவர்கள் 5,18,37,507. வகுத்தால் 72 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் வெளியான எழுத்தறிவு விகிதம் 80.09. அரசுக் கணக்கு தப்பு என்று மாணவர்கள் அடித்துச் சொல்வார்கள். சொல்லட்டும். ஏழு வயது நிரம்பாத 74 லட்சம் குழந்தைகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களைக் கழித்துவிட்டு வகுத்தால் 80.09 வந்து நிற்கும். இதை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. நேரமாகிறதே என்று விடையைப் பலகையில் எழுதிவிடுவதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய இழப்பு. அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை, அவர்களே தடுமாறிக் கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம், சுத்தம் செய்து வைத்த கோப்பைக் கொடுப்பது. நிஜத்தில் எந்தத் தரவும் அப்படி வராது. ஒரே பட்டியலில் திருச்சி, திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி என மூன்று பெயர்கள் இருந்தால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். 2011 கணக்கெடுப்பில் 32 மாவட்டங்கள். 2019, 2020-இல் ஆறு புதிதாகச் சேர்ந்து இப்போது 38. இது தெரியாமல் இரண்டு காலத்துப் பட்டியலையும் இணைத்தால், கள்ளக்குறிச்சி பிரிந்துபோன விழுப்புரத்தில் மக்கள் குறைந்துவிட்டதாகத்தான் முடிவு கட்டுவார்கள். அழுக்கோடு கொடுங்கள்.

எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே உதாரணம் காட்டுவதும் வேண்டாம். வரலாறு படிப்பவருக்கு உயிரியல் தரவில் ஒட்டுதல் வராது.

கடைசியாக, சான்றிதழ் கொடுத்துக் கைகழுவிவிடுவது. சந்தேகம் வருவது அன்றைக்கு இல்லை, இரண்டு மாதம் கழித்து ஆய்வேட்டில் வரைபடம் போடும்போது. வாரத்தில் ஒரு பிற்பகல் நூலகத்தில் இதற்கென்று ஒரு மேசை ஒதுக்குங்கள். வரைபடத்தோடு வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: எந்த ஆண்டுத் தரவு, யார் எடுத்தது, யாரை எண்ணாமல் விட்டார்கள்?