வெளிநாட்டில் வீடு வாங்குகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

வெளிநாட்டில் வீடு வாங்குவதில் இரண்டு தருணங்கள் முக்கியம். ஒன்று, உங்கள் பணம் திரும்பி வராத நிலைக்குப் போகும் நாள். மற்றது, சொத்து உங்கள் பெயருக்கு மாறும் நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களைக் காப்பது எது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

விலை பேசும் முன்பே, வெளிநாட்டவர் பெயரில் அந்தச் சொத்தைப் பதிய முடியுமா என்று பாருங்கள். தாய்லாந்தில் பொதுவாக நிலத்தை வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவருக்குப் போகலாம்; அந்த ஒதுக்கீடு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் உங்களுக்கு இடமில்லை. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளோ நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கும் வீட்டை, வங்கி நடத்தும் டிரஸ்ட் வழியாகத்தான் வெளிநாட்டவர் வைத்திருக்க முடியும். ‘உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிவிடலாம், தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்’ என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பினாமி ஏற்பாடு குற்றமாக இருக்கும் நாட்டில் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டுவது, குற்றத்தை நீங்களே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

அடுத்து வழக்கறிஞர். விற்பவரோ தரகரோ கைகாட்டாத ஒருவரை நீங்களே தேடுங்கள். பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி போன்ற நாடுகளில் நோட்டரி முன்னிலையில்தான் பத்திரம் முடியும். அங்கே நோட்டரி சட்டம் படித்த பொது அதிகாரி; ஆனால் இரு தரப்புக்கும் பொதுவானவர். விலை அதிகம், மாடியில் கட்டிய அறைக்கு அனுமதி இல்லை என்றெல்லாம் உங்களை எச்சரிப்பது அவர் வேலை என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்பெயினில் வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணும் போர்ச்சுகலில் வரி எண்ணும் இல்லாமல் எதுவும் நகராது. வீடு தேடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வில்லங்கம் பார்ப்பதில் அவசரம் கூடாது. பதிவேட்டு நகலில் உரிமையாளர் பெயர், அளவு, அடமானம், ஜப்தி, பிறருக்குள்ள வழிப்பாதை உரிமை ஆகியவற்றைப் பாருங்கள். நகலில் தெரியாதவற்றையும் தேட வேண்டும்: வாடகைதாரர் இருக்கிறாரா, கட்டட அனுமதி உண்டா, பராமரிப்புக் கட்டணம் பாக்கியா? ஸ்பெயினில் நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குமான குடியிருப்போர் சங்க பாக்கிக்கு அந்த வீடே பொறுப்பு. வாங்குபவர் தலையில் விழும். பாக்கி இல்லை என்ற சான்றை விற்பவரிடம் கேளுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அரசு பத்திரத்தைப் பதிவு செய்து வைக்குமே தவிர, உரிமைக்கு உத்தரவாதம் தராது. அதனால்தான் அங்கே உரிமைக் காப்பீடு எடுக்கிறார்கள்.

பெரும்பாலோர் அடிபடுவது முன் ஒப்பந்தத்தில்தான். இங்கிலாந்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் வரை யாரும் விலகலாம்; மாற்றிக்கொண்ட பின் வாங்குபவர் விலகினால் பொதுவாக 10 சதவீத முன்பணம் போய்விடும். பிரான்சில் குடியிருப்பு வாங்குபவருக்கு, முன் ஒப்பந்தத்துக்குப் பின் மனம் மாற 10 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. ஸ்பெயினில் விலகும் உரிமையோடு முன்பணம் எழுதினால், வாங்குபவர் விலகும்போது பணத்தை இழப்பார். விற்பவர் விலகினால் இரு மடங்கு தர வேண்டும். ஆனால் இந்த ஏற்பாடு ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த நாடானாலும் கடன் கிடைக்காவிட்டால், உரிமையில் வில்லங்கம் வந்தால், அரசு அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்ற நிபந்தனைகளை எழுதச் சொல்லுங்கள். பணம் விற்பவர் கைக்கு நேராகப் போகாமல், எஸ்க்ரோ கணக்குக்கோ (நிபந்தனைகள் நிறைவேறும் வரை மூன்றாம் நபர் பணத்தை வைத்திருக்கும் கணக்கு) வழக்கறிஞர் அல்லது நோட்டரியின் தனிக் கணக்குக்கோ போகட்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

ஜெர்மனியின் முறை இதில் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. நோட்டரி முன் கையெழுத்தானதும் நிலப் பதிவேட்டில் வாங்குபவருக்காக ஒரு முன்குறிப்பு ஏறும். அதன்பின் அதே வீட்டை இன்னொருவருக்கு விற்று உங்களை ஏமாற்ற முடியாது. அது ஏறி, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியதை நோட்டரி எழுதித் தெரிவித்த பிறகே பணம் கட்டுவார்கள். சாவி கைக்கு வந்தாலும், பதிவேட்டில் பெயர் மாறும் வரை உரிமை மாறாது.

நேரில் போக முடியாவிட்டால் பவர் பத்திரம். பொது அதிகாரம் தராமல், இந்தச் சொத்து, இந்த விலை வரம்பு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இரு நாடுகளும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை, அதாவது பத்திரத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அது எழுதப்பட்ட நாட்டின் அரசு தரும் சான்று, பெரும்பாலும் போதும். இல்லையென்றால் தூதரகச் சான்று வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பவர் பத்திரத்தில் வேறொன்று என்றிருந்தால் பதிவு நின்றுவிடும்.

விலைக்கு மேல் வரும் வரியையும் முன்பே கணக்கிடுங்கள். ஜெர்மனியில் மாநிலத்தைப் பொறுத்து 3.5 முதல் 6.5 சதவீதம். சிங்கப்பூரில் 2023 ஏப்ரலில் வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரைத் தீர்வையை 60 சதவீதமாக்கினார்கள். வரிக்குப் பயந்து பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால், பின்னால் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து அதற்கும் வரி கட்ட நேரும், அபராதம் தனி. தாய்லாந்தில் அடுக்குமாடி வீடு வாங்கும் பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கான வங்கிச் சான்று இல்லாவிட்டால் பொதுவாகப் பதிவே நடக்காது.

விற்கும் நாளுக்கான தாள்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள். ஸ்பெயினில் குடியிராதவர் விற்றால், வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டுவார். அமெரிக்காவில் வெளிநாட்டவர் விற்கும்போது பொதுவாக 15 சதவீதம். உண்மையான வரி அதைவிடக் குறைவு என்று கணக்குக் காட்டி மீதியைத் திரும்பப் பெற, வாங்கிய பத்திரம், வரி ரசீது, பழுதுபார்த்த பில் எல்லாம் தேவைப்படும்.