நாயைத் தனியே விட்டுப் போகும்போது கதிரை, மேசை தப்ப என்ன செய்யலாம்?

அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை 2003இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வெள்ளவத்தைக்கு வந்தது. இரண்டு இடப்பெயர்வுகளைத் தாங்கிய கதிரை. எங்கள் பிரவுணி அதன் வலது கையை ஒரே காலைப்பொழுதில் அரைவாசியாக்கிவிட்டாள். நான் கந்தோரால் வந்து கதவைத் திறந்தபோது ஹோல் முழுக்க மரச்சிராய். பிரம்புப் பின்னல் நடுவில் கிழிந்து தொங்கியது. அவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள்.

இது 2022 ஒக்ரோபரில். அந்த ஆண்டு ஜூனில், பெற்றோல் வரிசைகள் நீண்டு கிடந்த நாட்களில்தான் அவளை எடுத்தோம். இராமகிருஷ்ண வீதியில் நிறுத்தியிருந்த வானுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற தெருக்குட்டி. ஐந்து மாதம் இருக்கும் என்று மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை. நாலு மாதம் அவள் என் காலடியை விட்டு விலகியதே இல்லை. பிறகு கந்தோருக்கு வரச் சொன்னார்கள். முதல் வாரம் கதிரை போயிற்று, அடுத்த வாரம் சோபாவின் மூலை, அதற்கடுத்த வாரம் வாசல் நிலை.

சரிப்படுத்த எனக்கு மூன்று மாதம் எடுத்தது. அதில் ஒரு மாதம் ஒரே இடத்தில் சிக்கி நின்றேன். அந்த இடத்தைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன், மற்றவர்கள் அங்கே நிற்கத் தேவையில்லை.

முதலில், வந்தபிறகு ஏசவோ அடிக்கவோ வேண்டாம்

நான் ஏசினேன். ஒருநாள் பத்திரிகையைச் சுருட்டி அடித்தும் விட்டேன். அவள் காதை மடித்து, கண்ணைத் திருப்பி, வாலை இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து "செய்தது பிழை என்று தெரிகிறது" என்று நினைத்தேன். தெரியாது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும், உரிமையாளர் ஏசியபோது அதே "குற்ற முகத்தை" காட்டின. அந்த முகம் நம் குரலுக்கும் உடம்புக்கும் வரும் பதில். மூன்று மணி நேரத்துக்கு முந்தைய கதிரையோடு அதற்குத் தொடர்பில்லை. அதைவிட மோசம், நாம் வீடு திரும்புவதும் பயமான ஒன்றாகிவிடுகிறது. போனாலும் பயம், வந்தாலும் பயம் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பழைய போனை வைத்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம். பழைய போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டு வெளியே போங்கள். விலை கூடிய கமெரா தேவையில்லை. முதல் 30, 40 நிமிடம் பார்த்தால் போதும். பயத்தில் கடிக்கிற நாய் பெரும்பாலும் அதற்குள்ளேயே காட்டிவிடும்.

நீங்கள் போனதும் படுத்து நித்திரை கொண்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எழும்பி, சோம்பல் முறித்து, சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடிக்கிறதா? அது சலிப்பு. நடையும் கடிக்க நல்ல பொருளும் கொடுத்தால் அநேகமாகத் தீரும். போன உடனேயே வாசலுக்கும் யன்னலுக்கும் ஓடி, மூச்சிரைத்து, வீணி வடித்து, ஊளையிட்டு, கதவு நிலையைப் பிறாண்டுகிறதா? அது தனிமைப் பயம். கடிபட்ட பொருள்களையும் பாருங்கள். பிரவுணி கடித்தவை எல்லாம் வாசலோடு ஒட்டியவை, அல்லது எங்கள் வாசம் ஊறியவை. சாய்மனைக் கதிரையில் நான் இரவு 10 மணிவரை இருந்து வேலை செய்வேன். வீட்டில் என் வாசம் கூடுதலாக இருந்த பொருள் அதுதான்.

இன்னொரு அடையாளம்: போகும்போது நல்ல சாப்பாடு ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். பயந்த நாய் பெரும்பாலும் அதைத் தொடாது. நீங்கள் திரும்பி வந்த அடுத்த நிமிடம் முழுவதையும் விழுங்கும்.

வீட்டை ஒதுக்குவதும் நடையும்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மின் வயர்கள், மருந்து, சொக்லேட், குப்பைவாளி எட்டாத இடத்துக்குப் போகட்டும். அவளுக்கு ஒரு அறை, தண்ணீர், நீங்கள் உடுத்துக் கழற்றிய பழைய சேர்ட் ஒன்று. காலை நடை 6 மணிக்கு முன்னர். கொழும்பில் வெயில் ஏறிவிட்டால் தார் வீதி காலைச் சுடும். நாங்கள் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போகிறோம். றெயில் பாதையைக் கடக்க வேண்டும், அதனால் சங்கிலியைக் குட்டையாக, இறுக்கிப் பிடியுங்கள். வேகமாக இழுத்துக்கொண்டு நடப்பதை விட, 20 நிமிடம் மணந்து மணந்து நடக்க விடுவது நாயைக் கூடுதலாகக் களைக்க வைக்கும்.

போவதற்குப் பழக்குவது

இதுதான் உண்மையான வேலை. நாய் பயப்படாத அளவு சிறிய நேரம் வெளியே போய், பயம் தொடங்குமுன் திரும்பி வர வேண்டும். 5 விநாடி, 10 விநாடி, 30 விநாடி, ஒரு நிமிடம். ஒரு தடவையில் நாலைந்து முறை, நாளுக்கு இரண்டு தடவை. எப்போதும் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். 3 நிமிடத்துக்குப் பிறகு 20 விநாடி, பிறகு 2 நிமிடம் என்று கலந்து செய்யுங்கள். ஒருநாள் மூச்சிரைத்தால் முந்தைய நாளின் நேரத்துக்கு இறங்கி வாருங்கள். வெளிக்கிடும்போதும் திரும்பும்போதும் நிதானம்.

பயிற்சி நடக்கும் வாரங்களில், அவள் தாங்கும் நேரத்தை விட அதிகமாக அவளை உண்மையாகவே தனியே விடக் கூடாது. காலையில் 2 நிமிடம் பழக்கிவிட்டு 8 மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் எல்லாம் அழிந்துவிடும். நான் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன், என் கணவர் ஒருநாள் பார்த்தார், மிச்ச நாட்களில் கீழ்வீட்டு அன்ரி வைத்திருந்தா. அன்ரிக்கு நான் பட்ட கடன் பெரிது.

அப்படியிருந்தும் ஒரு மாதம் நகரவில்லை. பயிற்சியில் 15 நிமிடம் அமைதியாகப் படுத்திருப்பாள். உண்மையாகக் கடைக்குப் போனால் 5 நிமிடத்தில் வாசல் நிலையில் பல்லு. ஒரு சனிக்கிழமை போன் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மரக்கதவு சாத்தும் சத்தத்துக்குத் தலையை மட்டும் தூக்குகிறாள். திறப்புக் கோர்வை குலுங்கும்போது எழும்புகிறாள். இரும்புக் கிறில் இழுபடும் சத்தத்தில் வால் கீழே போகிறது. ஆமைப்பூட்டு "டக்" என்று விழுகிறது. பதினொன்று எண்ணுவதற்குள் கதவைப் பிறாண்டத் தொடங்குகிறாள்.

நான் பழக்கிய நாள் எல்லாம் மரக்கதவைத்தான் சாத்தியிருந்தேன். 30 விநாடிக்குக் கிறிலை இழுத்து ஆமைப்பூட்டுப் போட யாருக்குத் தோன்றும்? அவளுக்கோ கதவு சாத்தினால் நான் பக்கத்தில், பூட்டு விழுந்தால் நான் இல்லை.

அன்றிலிருந்து பூட்டை மட்டும் பழக்கினேன். சோபாவில் இருந்துகொண்டே கையில் ஆமைப்பூட்டை "டக்" என்று அமத்துவேன், உடனே அவித்த கோழியில் நகத்தளவு ஒரு துண்டு. திறப்பேன், அமத்துவேன், துண்டு. முதல் இரண்டு நாளும் சத்தம் கேட்டதும் வாசலைப் பார்த்தாள். ஆறாம் நாள் என் கையைப் பார்த்தாள். அப்புறம் கிறிலில் உள்பக்கமாகக் கொழுவிச் செய்தேன், பிறகு வெளியே நின்று 5 விநாடி. திறப்பு, கைப்பை, கந்தோர்ச் சப்பாத்து ஒவ்வொன்றையும் இப்படியே: சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினியில் தேநீர் ஊற்றினேன், கைப்பையை மாட்டிக்கொண்டு உடுப்பு மடித்தேன். மூன்று வாரத்தில் முழுப் பூட்டோடு 40 நிமிடம் வந்தது. அதற்குப் பிறகு 40இலிருந்து 3 மணி நேரத்துக்குப் போனது வேகமாக நடந்தது.

உங்கள் வீட்டில் அது லிப்ட் மணியாக இருக்கலாம், ஒட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தமாக இருக்கலாம். பதிவில் எந்தச் சத்தத்துக்கு வால் இறங்குகிறது என்று பாருங்கள்.

எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

என் பணத்தில் ஒரே பொருள் என்றால் உள்ளே குழிவான தடித்த றப்பர் விளையாட்டுப் பொருள்தான், கொங் வகை. அதற்குள் இடியப்பத்தை அவித்த பூசணியோடும் கொஞ்சம் தயிரோடும் பிசைந்து அடைத்து இரவே ப்ரீசரில் வைப்பேன். இடியப்ப நூல் ஒவ்வொன்றாக உருவ வேண்டியிருப்பதால் சோற்றை விட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சம்பல், சொதி பட்ட இடியப்பம் வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. கடலை வெண்ணெய் போடுபவர்கள் போத்தலில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இல்லை என்று பார்த்து வாங்குங்கள், அதுவும் நஞ்சு. அவித்த எலும்பு பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். தேங்காய் மட்டை நல்ல பொழுதுபோக்கு, ஆனால் தும்பை விழுங்கினால் குடல் அடைக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

கசப்புத் தெளிப்பான் எனக்கு உதவவில்லை. பயத்தில் இருக்கும் நாய் கசப்பைப் பார்ப்பதில்லை, சோபாவை விட்டுவிட்டுக் கதவுக்குப் போகும். சலிப்பில் கடிக்கும் நாய்க்கு உதவலாம். மிளகாய்த்தூள் பூசச் சொல்லி எனக்கும் சொன்னார்கள். கண்ணிலும் மூக்கிலும் எரியும், அந்த வேதனையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம். வானொலியைச் சின்னச் சத்தத்தில் போட்டு வைப்பது நல்லது, மாடிப்படிச் சத்தத்தை மறைக்கும். ஆனால் நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் போடுங்கள். போகும்போது மட்டும் போட்டால் அதுவும் ஆமைப்பூட்டு மாதிரி ஆகிவிடும்.

பின்சேர்க்கை

இதை எழுதியபின் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சேர்க்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், மேசைக் காலில் தலைவலித் தைலம் பூசியதாகவும் நாய் அதையும் நக்கியதாகவும் எழுதினார். உடனே கழுவிவிடுங்கள். அவற்றில் உள்ள கற்பூரம் நாய்க்கு ஆகாது. அந்துருண்டையும் அப்படித்தான்.

நாலு மாதக் குட்டி வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதைப் படித்துக் கவலைப்பட வேண்டாம். 28 பாற்பல் விழுந்து 42 பல் முளைக்கும் காலம் அது. ஈறு ஊறும், கிடைத்ததைக் கடிக்கும். பழைய துவாயை நனைத்து முறுக்கி ப்ரீசரில் வைத்து, பக்கத்தில் இருந்துகொண்டு கொடுங்கள். ஏழு எட்டு மாதம் தாண்டியும் தனியே இருக்கும்போது மட்டும் கடித்தால் போனை வைத்துப் பாருங்கள்.

கூட்டில் அடைத்துவிட்டுப் போகலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். கூட்டைத் தன் இடமாக விரும்பிப் போய்ப் படுக்கும் நாய்க்குச் சரி. தனிமைப் பயம் உள்ள நாயை அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைக்கும், நகத்தைப் பிய்க்கும். கதிரை தப்பும், நாய் தப்பாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நாய்க்கும், இரண்டு மாதம் ஒழுங்காகப் பழக்கியும் அசையாத நாய்க்கும் மிருக வைத்தியரிடம் போன் பதிவைக் காட்டுங்கள். இதற்கென்றே நாய்களுக்குக் கொடுக்கும் மருந்துகள் உண்டு, புளூவொக்செட்டின், க்ளோமிப்ரமின் போன்றவை. அவை பயத்தைக் குறைத்துப் பயிற்சி உள்ளே போக வழி விடும். வீட்டில் மனிதருக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது இடி. ஒக்ரோபர், நவம்பர் பின்னேரங்களில் கொழும்பில் இடி முழங்கும்போது, நன்றாகப் பழகிய பிரவுணியும் ஒருநாள் மறுபடி வாசல் நிலைக்குப் போனாள். அந்த இரண்டு மாதமும் யன்னல் இல்லாத நடைப் பக்கத்தில் அவளுக்குப் படுக்கை போடுகிறோம், பின்னேரம் யாராவது வீட்டில் இருக்கப் பார்க்கிறோம். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 இரவுப் பட்டாசுக்கும் அப்படியே.

கடைசியாக, நீண்ட லீவு. நத்தாருக்கு இரண்டு வாரம் எல்லோரும் வீட்டில் இருந்தோம், ஜனவரி முதல் திங்களே சோபா மெத்தை ஒன்று கிழிந்தது. இப்போது லீவு முடிவதற்கு நாலு நாளுக்கு முன்னரே சப்பாத்தைப் போட்டு, கிறிலை இழுத்து, ஆமைப்பூட்டை அமத்திவிட்டு மாடிப்படியில் போய் இருக்கிறேன். முதல் நாள் 5 நிமிடம், நாலாம் நாள் ஒரு மணி நேரம்.