ஸ்டாண்ட்-அப் மேடையில் பன்முகத்தன்மை: விவாதிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விவாத அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். 'ஸ்டாண்ட்-அப் காமெடி மேடைகளில் இன, பாலினப் பன்முகத்தன்மையைக் கட்டாயமாக்க வேண்டும்' என்ற தலைப்பு பயிற்சிச் சுற்றுகளில் அடிக்கடி வரும். அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் சான்றுகள் ஏராளமாகக் கிடைப்பதால் மாணவர்கள் விரும்பி எடுக்கிறார்கள். எடுத்த பிறகு, போன ஆண்டு அணி சறுக்கிய அதே இடத்தில் இந்த ஆண்டு அணியும் சறுக்குகிறது. மேடையேறிய காலத்தில் நான் பேசிய அதே வாக்கியங்களை அதே அழுத்தத்தோடு பேசுகிறார்கள். நேரத்தைத் தாண்டுவது, எதிரணியை நோக்கி விரல் நீட்டுவது போன்றவற்றை எந்த நடுவரும் திருத்திவிடுவார். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

## பெண்களுக்கு நகைச்சுவை வருமா என்று ஆராய்வது

வரும். அடுத்த தவறுக்குப் போகலாம்.

## எந்த மேடை என்று சொல்லாமல் தொடங்குவது

'காமெடி மேடை' என்று பொதுவாகப் பேசினால் கட்டாயத்தை விதிப்பவர் யார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. பிபிசியில் பதில் இருக்கிறது. அது மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிறுவனம். அதன் தொலைக்காட்சிப் பிரிவுத் தலைவராக இருந்த டேனி கோஹன், ஆண்கள் மட்டுமே அமரும் பேனல் நிகழ்ச்சிகள் (கலைஞர்கள் குழுவாக மேசையில் அமர்ந்து நகைச்சுவையாக உரையாடுபவை) இனி வராது என்று 2014 பிப்ரவரியில் அறிவித்தார். அறிவிக்க ஓர் ஆள் இருந்தார், கேட்டு நடக்க ஓர் அமைப்பு இருந்தது.

நியூயார்க்கின் ஒரு தனியார் கிளப்பில் நிலைமை வேறு. அங்கே யார் ஏறுவது என்பதை உரிமையாளரோ, கலைஞர்களைத் தேர்ந்து அழைக்க அவர் நியமித்த புக்கரோ தீர்மானிக்கிறார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலைத் திருவிழா இன்னும் சிக்கலானது. அங்கே தேர்வுக் குழுவே கிடையாது. அரங்கத்தை வாடகைக்குப் பிடிக்க முடிந்த எவரும் நிகழ்ச்சி நடத்தலாம். ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த ஊரில் தங்க ஆகும் செலவுதான் அங்கே வாயிற்காவலர். இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதல் பேச்சாளர் முதல் நிமிடத்திலேயே சொல்லியாக வேண்டும்.

## மேடையை நுழைவுத்தேர்வாக நினைப்பது

நீளமாகப் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். இரண்டு அணிகளும் கூட்டுச் சேர்ந்து செய்யும் தவறு இது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

வெட்டிப் பேசுபவர் எழுந்து, "உங்களுக்குத் திறமை முக்கியமா, பிரதிநிதித்துவம் முக்கியமா?" என்று கேட்பார். கைதட்டல் விழும். ஒட்டிப் பேசுபவர், "திறமை சற்றுக் குறைந்தாலும் வாய்ப்புக் கொடுப்பதே சமூக நீதி" என்பார். அதற்கும் கைதட்டல் விழும். ஆனால் அந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பேசும் அணியின் கதை முடிந்துவிடுகிறது. யாருக்காக வாதாட வந்தாரோ அவர்களுக்குத் திறமை குறைவு என்று அவரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் எதிரணி செய்வதற்கு என்ன இருக்கிறது?

இது எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நம் மாணவர்கள் 69 விழுக்காடு, கட்-ஆஃப் மதிப்பெண், தரவரிசைப் பட்டியல் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். நகைச்சுவை மேடைக்கு வெளியேயும் ஒரு மதிப்பெண் பட்டியல் தொங்குகிறது, மேலே இருப்பவரை விட்டுவிட்டுக் கீழே இருப்பவரை அழைக்கச் சொல்கிறார்கள் என்று அவர்களாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி ஒரு பட்டியல் எங்கும் இல்லை.

ஸ்டாண்ட்-அப் கலையை வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. கண்ணாடி முன் நின்று பாட்டுப் பழகலாம், நடனம் பழகலாம். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் சிரிக்கும் வரை ஒரு நகைச்சுவைத் துணுக்கு பாதி வேலைதான். எந்தச் சொல்லை முன்னே நகர்த்த வேண்டும், எங்கே அரை நொடி நிறுத்த வேண்டும் என்பதை அரங்கம்தான் சொல்லித்தரும். பிரிட்டனில் புதியவர் சம்பளமில்லாத ஐந்து நிமிடத்தில் தொடங்குகிறார். அது நன்றாகப் போனால் சம்பளத்தோடு பத்து நிமிடம், பிறகு இருபது, கடைசியில் நிகழ்ச்சியை முடித்துவைக்கும் இடம். ஒவ்வொரு படியிலும் கதவைத் திறப்பவர் புக்கர். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு வாரம் மூன்று முறை மேடை கிடைக்கிறது, இன்னொருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆண்டு முடிவில் முதலாமவர் 156 முறை ஏறியிருப்பார், இரண்டாமவர் 26 முறை. அப்போது இருவரையும் அருகருகே நிறுத்தி, "திறமையைப் பாருங்கள்" என்று சொன்னால் அது எதை அளக்கிறது?

பல கிளப்புகளில் நெடுங்காலம் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது: ஓர் இரவுக்கு ஒரு பெண் போதும். "இன்று ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறார்" என்ற பதிலைக் கேட்டதாகப் பெண் கலைஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓர் இடம் பறிபோவதோடு இது நிற்பதில்லை. இரண்டு பெண்கள் ஒரே இரவில் சந்திக்கவே முடியாமல் போகிறது. வேறொரு ஊரில் இடம் காலியாகும்போது ஒருவர் மற்றவரைப் பரிந்துரைக்க முடியாது. நள்ளிரவில் ஒரே காரில் சேர்ந்து ஊர் திரும்பவும் முடியாது. இந்தத் தொழிலில் வாய்ப்புகள் கைமாறுவதே அந்தக் கார்களில்தான்.

இந்த வாதத்துக்கு என் கையில் உள்ள சிறந்த சான்று 'சாட்டர்டே நைட் லைவ்'. அது அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் குறுநாடக நிகழ்ச்சி. ஆனாலும் அதில் நடிப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டாண்ட்-அப், இம்ப்ரோவ் (முன்தயாரிப்பின்றி நடிக்கும் நகைச்சுவை) மேடைகளிலிருந்துதான் வருகிறார்கள். 2007இல் நடிகை மாயா ருடால்ஃப் விலகிய பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தக் குழுவில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. 2013இல் இது குறித்துக் கேட்கப்பட்டபோது, குழுவின் கறுப்பின நடிகர் கெனன் தாம்சனே, நடிகர் தேர்வுகளில் தயாரான பெண்கள் கிடைப்பதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த டிசம்பரில் கறுப்பினப் பெண்களுக்கென்றே தனித் தேர்வு நடத்தினார்கள். 2014 ஜனவரியில் சஷீர் ஜமாட்டா நடிகராகச் சேர்ந்தார்; லகேண்ட்ரா டூக்ஸ், லெஸ்லி ஜோன்ஸ் இருவரும் எழுத்தாளர்களாகச் சேர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கிடைக்காதவர்கள் சில வாரங்களில் கிடைத்துவிட்டார்கள்.

லெஸ்லி ஜோன்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் நடிகரானார். அப்போது அவருக்கு வயது 47. அதற்கு முன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஸ்டாண்ட்-அப் மேடைகளில் நின்றவர். புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் அவரைப் பரிந்துரைத்திருந்தார். 'தயாராக இல்லை' என்ற சொல்லை இவர் மீது பொருத்திப் பாருங்கள். தயாராக இல்லாதது தேடியவர்களின் கண்.

போன பருவத்தில் ஒரு மாணவியின் குறிப்புத்தாளில் இந்தக் கதை முழுவதும் இருந்தது, மாதம் ஆண்டு உட்பட. எதிரணி, "திறமையா, பிரதிநிதித்துவமா?" என்று கேட்டதும், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "திறமை மட்டுமே வாழ்க்கை இல்லை" என்று தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெட்டிப் பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடைதான் திறமையை உருவாக்குகிறது என்பதை மறுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒப்புக்கொண்டு, அங்கிருந்து திருப்புங்கள்: அப்படியானால் கீழ்ப்படிகளை அகலப்படுத்துங்கள், தொலைக்காட்சியில் வந்து கட்டாயம் போடாதீர்கள். பிபிசி அறிவிப்பு வந்தபோது நகைச்சுவைக் கலைஞர் டாரா ஓ பிரயன் எடுத்த நிலை கிட்டத்தட்ட இதுதான். மாற்றத்தை அவர் எதிர்க்கவில்லை. அதைப் பறையறிவித்ததைத்தான் எதிர்த்தார். இனி அந்த மேசையில் அமரும் எந்தப் பெண்ணையும் கணக்குக்காக உட்கார வைக்கப்பட்டவர் என்றே பார்ப்பார்கள் என்றார். ஒட்டிப் பேசும் அணிக்கு உண்மையிலேயே வியர்க்க வேண்டிய வாதம் இது. இதை விட்டுவிட்டு, 2014இல் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் சொன்ன, சிரிக்க வைத்தால் போதும், இனமும் பாலினமும் எனக்குப் பொருட்டல்ல என்ற கருத்தை ஏந்திக்கொண்டு வருகிறார்கள். சிரிக்க வைக்க வாய்ப்புக் கிடைத்தவர்களைத்தானே அவர் பார்த்திருப்பார்?

## இனத்தையும் பாலினத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

இரண்டின் வரலாறும் வேறு வேறு. இனப் பிரிவினைக் காலத்து அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களுக்கென 'சிட்லின் சர்க்கியூட்' என்ற தனி அரங்கத் தொடர் இருந்தது. பணம் குறைவு, பயணம் கொடுமை. ஆனாலும் தங்களைப் புரிந்துகொண்ட பார்வையாளர்கள் முன் வித்தையைத் தீட்டிக்கொள்ள இடம் இருந்தது. வெள்ளையினப் பெண்களுக்கு அப்படித் தனிச் சுற்று எதுவும் இல்லை. நகைச்சுவைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர் 1955இல் சான் பிரான்சிஸ்கோவின் பர்ப்பிள் ஆனியன் கிளப்பில் தொடங்கியபோது அவருக்கு வயது 37. லாஸ் ஏஞ்சலஸின் 'காமெடி ஸ்டோர்' கிளப்பின் உரிமையாளர் மிட்ஸி ஷோர், பெண்களுக்கென்று 'பெல்லி ரூம்' என்ற சிறு அறையை 1978இல்தான் திறந்தார். அது வாசலா, ஒதுக்குப்புறமா என்பதே ஒரு முழுச் சுற்றுக்குப் போதுமான விவாதம்.

மூட்டை கட்டினால் இரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள் மறைந்துவிடுவார்கள். 2013 சர்ச்சையின் உயிரே அங்குதான் இருந்தது. அந்த நிகழ்ச்சியில் கறுப்பின ஆண்கள் இருந்தார்கள், வெள்ளையினப் பெண்களும் இருந்தார்கள். தனித்தனியாக எண்ணினால் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டுவிடலாம். மாம்ஸ் மேப்லி என்ற கறுப்பினப் பெண் பல பத்தாண்டுகள் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் அப்போலோ அரங்கை அதிரவைத்தவர். 1962இல் அதே ஊரின் பெருமைமிக்க கார்னகி ஹால் மேடைக்கு வந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவரை எந்த மூட்டையில் போடுவீர்கள்?

## ஒரு பெயரைச் சொல்லி வழக்கை முடிப்பது

எடின்பரோவின் முதன்மை நகைச்சுவை விருது 1981இல் தொடங்கியது. தனியாக நின்று அதை வென்ற முதல் பெண் ஜென்னி எக்ளேர்; ஆண்டு 1995. 'பார்த்தீர்களா, கதவு திறந்துவிட்டது' என்று சொல்ல வசதியான ஆண்டு. அடுத்து தனியாக வென்ற பெண் லாரா சோலன், 2005இல். அதற்கடுத்தவர் பிரிட்ஜெட் கிறிஸ்டி, 2013இல். பெயரைச் சொல்லும்போது இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் மாணவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பலவீனம் உண்டு. தமிழ் வேர் உள்ளவர் என்றால் உடனே மார்பு விரிகிறது: பிரிட்டனில் இலங்கை வம்சாவளியினரான ரொமேஷ் ரங்கநாதன், அமெரிக்காவில் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அஸீஸ் அன்சாரி. அன்சாரி 2017 ஜனவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். தெற்காசிய வம்சாவளியிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். நிகழ்ச்சி தொடங்கியதோ 1975இல். வந்துவிட்டார் என்று ஓர் அணி பேசும். இத்தனை காலம் ஆனதே என்று மறு அணி பேசும். பெயர் மட்டும் எந்தப் பக்கமும் சாயாது.

## எதைப் பேசலாம் என்பதற்குள் நழுவுவது

யார் பேசுவது என்பதுதான் தலைப்பு. மனம் புண்பட்டவர்களின் வழக்கை வேறொரு நாள் நடத்தலாம்.

## விவாத மேடையில் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களுடைய ஜோக்கைச் சொல்லிக் காட்டுவது

வேண்டாம்.

## சிறந்த சான்றைத் தொகுப்புரைக்கு ஒளித்து வைப்பது

1961 ஜனவரியில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி சிகாகோ பிளேபாய் கிளப்பில் வேறொருவருக்குப் பதிலாக மேடையேறினார். எதிரே பெரும்பாலும் தென் மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளையின வணிகர்கள். அவர்களையே சிரிக்க வைத்தார். ஜாக் பார் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி அழைத்தபோது முதலில் மறுத்தார். கறுப்பினக் கலைஞர்கள் பேசி முடித்ததும் அனுப்பப்படுவார்கள், தொகுப்பாளர் பக்கத்து சோபாவில் உட்கார வைத்து உரையாடுவதில்லை என்பதே அவர் சொன்ன காரணம். உட்காரலாம் என்று பாரே தொலைபேசியில் உறுதி சொன்ன பிறகுதான் போனார். மேடை கொடுப்பதும் மதிப்புக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அண்மைச் சுற்று ஒன்றில் இதை ஒரு மாணவர் தொகுப்புரையின் கடைசி அரை நிமிடத்தில் எடுத்தார். நடுவர் பேனாவை மூடி வைத்திருந்தார்; தொகுப்புரையில் வரும் புதுச் சான்றுக்கு மதிப்பெண் கிடையாது. இது முதல் பேச்சாளரின் கையில் இருக்க வேண்டிய தாள்.