கலா கொலொரிட்சே: மலை இறங்கிப் போய்ச் சேரும் கடற்கரை

இத்தாலியின் சார்தீனியா தீவில், கிழக்குக் கரையின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் இருக்கிறது கலா கொலொரிட்சே. 1962-இல் நேர்ந்த மலைச்சரிவில் உருவான சின்னஞ்சிறு கடற்கரை. கார் போகாது, படகுகள் கரையில் ஒதுங்கவும் தடை. நடந்துதான் போக வேண்டும்.

1. முன்பதிவு
நாளொன்றுக்கு 250 பேருக்குத்தான் அனுமதி. கோடையில் இடம் மளமளவென்று தீர்ந்துவிடும். முன்பதிவை முடித்துவிட்டு மற்ற ஏற்பாடுகளுக்குப் போங்கள்.

2. மூட்டை
பாதை முழுக்கச் சரளைக்கல். செருப்பு ஆகாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். கீழே கடையோ குடிநீரோ கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

3. புறப்பாடு
பௌனெய் என்ற மலையூரிலிருந்து கொல்கோ பீடபூமிக்குச் சாலை ஏறுகிறது. அங்கே சு போர்தெட்டு வாகன நிறுத்தத்தில் நடை தொடங்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கிழக்குப் பார்த்த கரை என்பதால் பிற்பகலில் மலை நிழல் விழுந்து, நீரின் நீலம் மங்கிவிடும்.

4. இறக்கம்
சுமார் மூன்றரை கிலோமீட்டர். தொடக்கத்தில் சிறு மேடு, பிறகு இறக்கம்தான். ஓக் மரங்களுக்கும் ஜூனிபர் புதர்களுக்கும் நடுவே, மேய்ப்பர்கள் ஜூனிபர் கட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய குடில்கள் தென்படும். ஒரு மணி நேரத்தில் கீழே வந்துவிடலாம். அகூலியா என்ற 143 மீட்டர் பாறை ஊசி தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும்.

5. கடலில்
கடலுக்கடியில் நன்னீர் ஊற்றுகள் சுரக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் நிற்கும்போதே கணுக்காலைச் சில்லென்று ஒரு நீரோட்டம் தொட்டுப் போகும். நான் இந்த இடத்துக்கு மயங்கியது அப்போதுதான்.

கரையில் கிடப்பவை வெள்ளைக் கூழாங்கற்கள். சில பட்டாணி அளவுதான். ஒன்றைக்கூட எடுத்துவராதீர்கள். மணல், கல், சிப்பி எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். அதைவிட, அள்ளிப் போனால் இத்தனை சிறிய கரையில் என்ன மிஞ்சும்? கிளம்பும்முன் ஷூவையும் துண்டையும் நன்றாக உதறுங்கள்.

6. ஏற்றம்
புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இறங்கிய ஏறத்தாழ 470 மீட்டரையும் வெயிலில் ஏற வேண்டும். நிழல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கொண்டுவந்த தண்ணீரில் பாதியைக் கீழே தொடாமல் வைத்திருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், நிழல் வரும்போதெல்லாம் நின்று இரண்டு மடக்குக் குடித்துவிட்டு ஏறுங்கள்.