பூனையின் அரிப்பும் தெள்ளுப்பூச்சியும்: நம் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூனையின் முதுகை வால் பக்கமாக வருடும்போது, ரவையைத் தொட்டதுபோல் விரல்களில் சிறு சிறு பொருக்குகள் தட்டுப்படும். வயிற்றிலும் பின்தொடையின் உட்புறத்திலும் முடி கத்தரித்துவிட்டதுபோல் குறைந்திருக்கும். கழுத்தைச் சுற்றிப் பிராண்டிய புண்கள் காணப்படும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பூனை வளர்க்கும் வீடுகளில், ஐப்பசி மழை தொடங்கிய சில வாரங்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். பார்த்ததும் வீட்டார் புண்ணுக்குத் தடவ எதையாவது தேடுகிறார்கள். ஆனால் அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது தெள்ளுப்பூச்சி. அதன் கூட்டத்தில் மிகப் பெரும்பகுதி பூனையின் உடம்பில் இல்லாமல் நம் வீட்டுத் தரையிலும் பாயிலும் இடுக்கிலும் இருக்கிறது. இதை மனத்தில் கொள்ளாமல் செய்யும் வைத்தியம் பத்து நாளைக்கு மேல் நிற்பதில்லை.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. பேன், உண்ணி, தெள்ளு ஆகிய மூன்றையும் பலர் பொதுவாக ‘உண்ணி’ என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்ணி ஓரிடத்தில் கடித்துக்கொண்டு தங்கி, ரத்தம் குடித்து ஆமணக்கு முத்துப்போல் ஊதிவிடும். தெள்ளு அப்படித் தங்காது. இறக்கையில்லாத, பக்கவாட்டில் தட்டையான, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தச் செம்பழுப்புப் பூச்சி முடிக்குள் ஓடும், தொட்டால் துள்ளும். கடையில் போய் ‘உண்ணி மருந்து’ என்று கேட்டால் மாட்டுக்கோ நாய்க்கோ உரியதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே கடைக்காரரிடமானாலும் மருத்துவரிடமானாலும் ‘பூனைக்குத் தெள்ளுப்பூச்சி’ என்று முழுதாகச் சொல்லிப் பழக வேண்டும்.

‘ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லையே, பிறகு எப்படித் தெள்ளு என்கிறீர்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. பூனை தன் உடம்பை ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. அரிக்கிற பூனை இன்னும் அதிகமாக நக்கும், நக்கும்போதே பூச்சிகளை விழுங்கிவிடும். அத்துடன், ஒவ்வாமை என்பது பூச்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததும் அன்று. தெள்ளு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் செல்கிறது. அதிலுள்ள புரதங்களை ஏற்காத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே பல நாள் அரிப்புக்குப் போதும். பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொரு பூனை ஏராளமான தெள்ளுகளைச் சுமந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குவதையும் காணலாம். சந்தேகம் இருந்தால், நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் வாரி, சீப்பில் வரும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளிலோ பஞ்சிலோ தட்டிப் பாருங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. அதாவது, செரித்த ரத்தம். கசியாவிட்டால் அது வெறும் மண்ணாக இருக்கலாம். தன்னை நன்றாக நக்கிக்கொள்ளும் பூனையிடம் இந்தப் பொடிகூடக் கிடைக்காமல் போகலாம் என்பதால், ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் தெள்ளே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி, உயிரைப் பறிக்கக்கூடிய தவறைச் சொல்ல வேண்டும். நாய்க்கென விற்கும் சொட்டு மருந்தைப் பூனையின் பிடரியில் விடுவதும், மாட்டு உண்ணிக்காக வாங்கி வைத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து பூனையைக் குளிப்பாட்டுவதும்தான் அது. நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற வேதிப்பொருள் அதிக அடர்த்தியில் இருக்கிறது. மாட்டுக்குப் பயன்படுத்துபவற்றில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் போன்றவை இருக்கும். நாயின் கல்லீரல் பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வகைச் சிதைப்புக்குத் தேவையான நொதியின் ஆற்றல் மிகக் குறைவு. அதனால் நஞ்சு உடம்பில் தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. ‘நாய்க்குப் பத்துச் சொட்டு என்றால் பூனைக்கு இரண்டு சொட்டு’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டு ஆச்சி மாலையில் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, பூனைக்குக் காதும் மூஞ்சியும் வெட்டி வெட்டி இழுக்குதப்பா, வந்து என்னன்னு பாரேன்” என்றார்கள். அன்று காலையில்தான் கடையில் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டிருந்தார்கள். உறையில் நாயின் படம் இருந்தது. மிதமான சுடுநீரில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கொண்டு மருந்து பட்ட இடத்தை அலசி, துணியில் சுற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோனோம். இரண்டு நாள் வலிப்பு மருந்தும் குளுக்கோஸும் ஏற்றிய பிறகு அது பிழைத்துக்கொண்டது. எல்லாப் பூனைகளுக்கும் அந்தக் கொடுப்பினை இருப்பதில்லை. இப்படி நேர்ந்தால் பாலோ எண்ணெயோ புகட்ட வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். நடுங்கும் பூனையின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மருந்தின் உறையை மட்டும் மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் நாயும் இருந்து அதற்கு பெர்மெத்ரின் போட்டிருந்தால், மருத்துவர் சொல்லும்வரை நாயின்மேல் பூனை படுத்துறங்கவும் அதை நக்கவும் விடக் கூடாது.

பூனைக்கென்றே தயாரிக்கப்பட்ட ஃபிப்ரோனில், செலமெக்டின், இமிடாகுளோபிரிட் போன்ற சொட்டு மருந்துகள் கிடைக்கின்றன. இவற்றிலும் ஒரு கண்ணி உண்டு: இமிடாகுளோபிரிட் தனியாகப் பூனைக்கு ஏற்றது, அதே பெயருடன் பெர்மெத்ரினும் சேர்ந்து நாய்க்காக வரும் மருந்து பூனைக்கு நஞ்சு. உறையின் முன்பக்கப் பெயரோடு நின்றுவிடாமல், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள பொருட்களின் பட்டியலையும், எந்தப் பிராணிக்கு, எந்த வயதுக்கு, எத்தனை கிலோ எடைக்கு என்பதையும் படித்துவிட்டே திறக்க வேண்டும். மருந்தை முடியின்மேல் விடாமல், பிடரி முடியை வகிர்ந்து, நாக்கு எட்டாத இடத்தில் தோலில் படும்படி விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது; சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டால் பல மருந்துகள் சரியாகப் பரவுவதில்லை.

வீட்டு வைத்தியம் அடுத்தது. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவுவது, வேப்பெண்ணெய் பூசுவது, புண்ணை டெட்டாலால் துடைப்பது, பூனை படுக்கும் இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவுவது, மண்ணெண்ணெய் தேய்ப்பது என்று இவற்றை அன்பினால்தான் செய்கிறார்கள். நமக்கு மேலுக்குப் பூசும் மருந்து, பூனைக்கு உள்ளுக்குக் கொடுத்த மருந்தாகிவிடுகிறது என்பதே இதிலுள்ள ஆபத்து. உடம்பில் எது பட்டாலும் அரை மணி நேரத்தில் அதை நக்கித் தீர்த்துவிடும். டெட்டால், பினாயில் வகைகளில் உள்ள பீனால் சார்ந்த பொருட்களையும் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் நஞ்சே. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பூனை சொக்கிப்போய்ப் புரளும் என்பதால் வந்த பெயர் அது. அந்தப் பெயரை வைத்து, அரைத்துப் பூசினால் பூனைக்கு ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. சொக்கிப் புரள்வதற்கும் தெள்ளு சாவதற்கும் தொடர்பில்லை. பூண்டைச் சோற்றில் பிசைந்து வைத்தால் பூச்சி அண்டாது என்பதும் தவறு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். நம் வீட்டுக் குழம்புச் சோற்றை வைப்பதில் உள்ள கேடும் அதுவே.

பூனை துவண்டிருக்கிறது, உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நம் படர்தாமரைக்கு வாங்கிய களிம்பும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதையும் பூனை நக்கிவிடும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முட்டைகள் வரை இடும். அவை முடியில் ஒட்டாமல் பூனை நடக்கும் வழியெல்லாம் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்குகளில் ஒதுங்கி, தாய்ப்பூச்சியின் கழிவாக உதிரும் உலர்ந்த ரத்தத்தைத் தின்று வளர்ந்து, கூடு கட்டிக்கொள்ளும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்தச் சுற்று மூன்று வாரத்தில்கூட முடிந்துவிடும். ஆளும் பிராணியும் இல்லாத இடத்திலோ, கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு வெளிவராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக் காற்றும் பட்டதும் பொறுத்துக் காத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே துள்ளும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம்கட்டு, மூன்றாம்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. வளவின் வானம் பார்த்த முற்றத்தின் வழியே தெருப்பூனை இறங்கி, அறை ஓரத்தில் குட்டி போட்டுவிட்டுப் போயிருக்கும். திருமணத்துக்கோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ வீட்டைத் திறந்து, ஐம்பது பேர் வந்து நடமாடிய முதல் நாளிலேயே எல்லோருக்கும் கணுக்காலில் தடிப்புத் தடிப்பாகக் கடி விழும்; கூட அழைத்து வந்த வீட்டுப்பூனை அரித்து அரித்துத் துவண்டுபோகும். ‘வெளியூரிலிருந்து இந்தப் பூனைதான் கொண்டுவந்தது’ என்று அதன்மேல் பழி விழும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த வீட்டின் தடித்த சுண்ணாம்புச் சுவர் கத்திரி வெயிலிலும் நமக்குத் தரும் குளுமையைத் தெள்ளுப்புழுவுக்கும் தருகிறது. வெளியே வெயில் விழும் வெற்றுத் தரையில் அந்தப் புழு காய்ந்து செத்துவிடும்.

ஆகவே, பளபளவென்றிருக்கும் ஆத்தங்குடிக் கல் தரையை நடுவில் மட்டும் துடைத்துவிட்டுத் திருப்தியடைவது தவறு. வழுவழுப்பான திறந்த தரையில் புழு தங்காது. பத்தாயத்துக்கும் மரப்பெட்டிகளுக்கும் அடியில், நிலைப்படியின் இடுக்கில், சுருட்டி வைத்த பாயில், பழைய மெத்தையில், திண்ணை மூலையில்தான் இருக்கும். இந்த இடங்களைத் தினமும் கூட்டுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, அதன் அதிர்வே கூட்டைத் திறக்க வைக்கும். சேர்ந்த குப்பையை அன்றே கட்டி வெளியேற்றிவிட வேண்டும். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி, பாயையும் மெத்தையையும் உச்சி வெயிலில் போடுங்கள். கெமாக்சின் என்ற பூச்சிக்கொல்லிப் பவுடரைத் தூவும் பழைய வழக்கத்தை அறவே விட வேண்டும்; எறும்பு சாக்பீஸை அந்த இடங்களில் கோடு கோடாக இழுப்பதும் கூடாது, பாதத்தில் ஒட்டும் பொடியைப் பூனை நக்கும். மருந்து அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், புழு வளர்ச்சியைத் தடுக்கும் மெத்தோபிரீன் அல்லது பைரிபுராக்சிஃபென் உள்ளதை மருத்துவரிடம் கேட்டு, உடன் கலந்திருக்கும் மற்றப் பொருட்களும் பூனைக்கு ஆகுமா என்று தெரிந்துகொண்டு, மருந்து முழுவதும் காயும்வரை பூனையை வீட்டின் வேறொரு கட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டும்.

சொறிகிற பூனைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதும், ஒரு தவணையோடு நிறுத்திவிடுவதும் இதே காரணத்தால் பயன் தராது. வீட்டிலுள்ள பூனை, நாய் எல்லாவற்றுக்கும், ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்தை, சொன்ன இடைவெளியில் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். முதல் மருந்து போட்ட இரண்டாம் வாரத்தில் புதுத் தெள்ளு தென்பட்டால் மருந்து பொய் என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டில் இருந்தவை இப்போதுதான் வெளிவருகின்றன.

அரிப்பை உடனே அடக்கும் ஸ்டீராய்டு ஊசி தேவையான நேரத்தில் பெரிய ஆறுதல்தான். ஆனால் தெள்ளை ஒழிக்காமல், மாதாமாதம் நீண்ட நாள் நிற்கும் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு வந்தால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புக் கூடும். எல்லா அரிப்புக்கும் தெள்ளே காரணம் ஆகாது. வட்டமாக முடி உதிர்ந்து, வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் வட்டத் தடிப்பு வந்தால் அது படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம். காதில் கரிய மெழுகு சேர்ந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். முகத்திலும் கழுத்திலும் மட்டும் ஓயாத அரிப்பு இருந்தால் உணவு ஒவ்வாமையையும் மருத்துவர் பார்ப்பார். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால், விழுங்கிய தெள்ளின் வழியே நாடாப்புழு வந்திருக்கிறது. அதற்கு வேறு மாத்திரை வேண்டும்.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சொட்டு மருந்தும் போடாதீர்கள். நிறையத் தெள்ளு கடித்தால் அந்தச் சிறு உடம்பில் ரத்தமே வற்றிவிடும். ஈறு வெளுத்து, குட்டி சோர்ந்து கிடந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும். அதுவரை, சீப்பால் வாரி, சீப்பில் சிக்கும் பூச்சிகளைச் சோப்பு நீரில் அமுக்கிக்கொண்டிருங்கள். பூட்டிய வீட்டைத் திறக்கப் போகிறீர்கள் என்றால், பூனையைக் கூட்டிவருவதற்கு ஒரு வாரம் முன்பே அதற்கு மருந்து போட்டுவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, ஆட்கள் வருவதற்கு முந்தைய நாட்களில் எல்லாக் கட்டுகளிலும் நடந்து, மூலை முடுக்கெல்லாம் கூட்டி, பாய்களை முற்றத்து வெயிலில் விரித்துப்போடச் செய்யுங்கள்.