தோள் ஸ்ட்ராப்பை விடுங்க, அடிப்பட்டியைப் பாருங்க

கடைக்கு வருகிறவர்கள் பிராவைக் கையில் வாங்கியதும் முதலில் இழுத்துப் பார்ப்பது தோள் ஸ்ட்ராப்பைத்தான். அகலமா இருக்கா, மெத்துனு இருக்கா என்று பார்த்துவிட்டு பில் போடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மார்பின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது அடிப்பட்டி. மார்புக்குக் கீழே நெஞ்சுக்கூட்டைச் சுற்றி வருகிறதே, அந்தப் பட்டி. கப் நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்ட்ராப்பின் வேலை. அடிப்பட்டி தொளதொளவென்று இருந்தால் எடை முழுக்கத் தோளுக்கு ஏறிவிடும். தோளில் பள்ளம் விழுவது, கழுத்து வலிப்பது, முதுகுப் பக்கம் பட்டி மேலே ஏறிக்கொள்வது எல்லாம் அதனால்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர்டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில், உட்கார்ந்து உள்ளாடை தைத்தேன், அப்புறம் செக்கிங்கில் இருந்தேன். இப்போது பெண்களின் உள்ளாடைக்கென்றே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஓடுகிற, விளையாடுகிற பிள்ளைகளும் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களும்தான் தப்பான பிராவால் அதிகம் அவதிப்படுகிறார்கள். ட்ரையல் ரூமில் அவர்களிடம் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் டேப்

"34 கொடுங்க" என்று கேட்கிறவர்களிடம், கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வாங்கிக் கொடுத்த நம்பரையே இரண்டு பிரசவம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எடை கூடினாலும் குறைந்தாலும், கர்ப்பமானாலும், பால் நிறுத்தினாலும் அளவு மாறும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அளந்து பாருங்கள்.

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். அது இல்லையென்றால் ஒரு நாடாவைச் சுற்றிப் பிடித்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளலாம். கண்ணாடி முன்னால் நின்று, மார்புக்கு நேர்கீழே, மூச்சை வெளியே விட்டபடி, டேப் முதுகில் சரியாமல் ஒரே மட்டத்தில் வருகிறதா என்று பார்த்து இறுக்கமாக அளக்க வேண்டும். இது கீழளவு. அப்புறம் பேடு இல்லாத மெல்லிய பிரா போட்டுக்கொண்டு, மார்பின் எடுப்பான இடத்தில், அழுத்தாமல் ஓர் அளவு. இது மேலளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏ, பி, சி, டி என்ற கப் எழுத்து. வித்தியாசம் கூடக்கூட எழுத்தும் ஏறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி நம்பர் போடுவதில்லை. கீழளவு 30 இஞ்ச் இருக்கிறவருக்கு ஒரு கம்பெனியின் அட்டவணை 34 என்று சொல்லும், இன்னொன்று 30 என்றே சொல்லும். அதனால் நம்பரை மனப்பாடம் செய்வதைவிட உங்கள் கீழளவையும் மேலளவையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பின்பக்கமோ இணையதளத்திலோ அந்தக் கம்பெனியின் அட்டவணை இருக்கும். அதில் பார்த்து எடுங்கள்.

சி கப் என்றதும் "அய்யோ, நான் அவ்வளவு பெரிசா?" என்று முகம் சுருங்கிப்போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தனி எழுத்து எதையும் சொல்லாது. 32சி, 34பி, 36ஏ மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், பட்டிதான் வேறு. பட்டி தளர்ந்திருந்தால் நம்பரை ஒன்று இறக்கி எழுத்தை ஒன்று ஏற்றிக் கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பெரிய நம்பரில் சின்ன எழுத்து வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் முதுகுப் பட்டி மேலே ஏறுகிறது.

போட்டுப் பார்ப்பது

ஹூக்கை மாட்டியதும் கொஞ்சம் முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கி நிற்கும் சதையைக் கையால் அள்ளிக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் பார்த்தால் எந்தக் கப்பும் பெரிதாகத்தான் தெரியும். அள்ளி வைத்த பிறகு மேலே பிதுங்கினால் கப் சின்னது, துணி சுருங்கி நின்றால் பெரியது. நடுப்பகுதி நெஞ்செலும்போடு படிந்திருக்க வேண்டும்.

அடுத்து இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பிரா அப்படியே நின்றால் பட்டி சரி. பொத்தென்று இறங்கினால் அந்த சைஸை வைத்துவிட்டு வேறு எடுங்கள். கையை மேலே தூக்கும்போது பட்டி கூடவே ஏறக் கூடாது. பட்டிக்குள் இரண்டு விரல் போகலாம், முழுக் கை போனால் தளர்ச்சி. புது பிராவில் கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான ஹூக்கில், கச்சிதமாக இருக்கும்படி வாங்குங்கள். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள் ஹூக்குக்கு மாறிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் பல கடைகளில் கவுன்டரில் ஆண்கள்தான் நிற்கிறார்கள், ட்ரையல் ரூமும் இருக்காது. பெண் ஊழியர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று மட்டும் வாங்கி, லேபிளைப் பிய்க்காமல், வீட்டில் மெல்லிய ஸ்லிப்பின் மேல் போட்டுப் பாருங்கள். மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஓட, ஆட, தாண்ட

வாலிபால் ஆடும் ஒரு காலேஜ் பிள்ளை அம்மாவோடு வந்திருந்தாள். அளக்கலாம் என்று பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிரா போட்டிருந்தாள். "குதிச்சா வலிக்குதுங்க அக்கா, ஒன்னு பத்தல" என்றாள். கழற்றியபோது விலாவில் இரண்டு வரிசையாகத் தடம், தோளில் தோல் கன்றிப்போயிருந்தது. இப்படி இரட்டையாகப் போட்டு விளையாடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. சில பேர் வலிக்கிறது என்று விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

வலி ஏன் வருகிறது என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மார்புக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கத் தசை கிடையாது. தோலும், கூப்பர் தசைநார்கள் என்கிற மெல்லிய இழைகளும்தான் தாங்குகின்றன. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. ஒவ்வொரு எட்டுக்கும் அந்த இழைகளும் தோலும் இழுபடுகின்றன. சின்ன மார்பு உள்ளவர்களுக்கும் இது உண்டு.

ஓட்டம், உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் பொதுவான ஸ்போர்ட்ஸ் பிரா உருவானதே 1977இல்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்பவர் ஓடும்போது வலி தாங்காமல் நாடக உடை வடிவமைக்கும் தோழி பாலி ஸ்மித்திடம் சொல்ல, ஆண்கள் விளையாடும்போது போடும் சப்போர்ட்டர் இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். ஹிண்டா மில்லரும் சேர்ந்துகொள்ள, ஜாக்பிரா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. தையல் தெரிந்த ஒரு கை இல்லாமல் அது நடந்திருக்காது. தையல்காரியான எனக்கு அதில் தனிப் பெருமை.

ஸ்போர்ட்ஸ் பிராவில் இரண்டு வகை உண்டு. ஒன்று மார்பை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடிப்பது, தலைவழியாகப் போடுவது, எஸ், எம், எல் என்று வருவது. வாக்கிங், யோகாவுக்கும், சின்ன கப் உள்ளவர்களுக்கும் இது போதும். இன்னொன்றில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கப் இருக்கும், பின்னால் ஹூக் இருக்கும், நம்பரும் எழுத்தும் போட்டு வரும். சி கப்புக்கு மேலே இருந்தாலோ, ஓட்டம், கபடி, ஸ்கிப்பிங், ஷட்டில் என்று குதிக்கிற வேலை என்றாலோ இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த வாலிபால் பிள்ளைக்குப் பொருந்தியது இந்த வகைதான்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது. அடிப்பட்டியை இழுத்து விடுங்கள், சட்டென்று பழைய நீளத்துக்கு வர வேண்டும். ஸ்ட்ராப்பை நெடுக்காக இழுங்கள், அது அதிகம் நீளக் கூடாது. ரப்பர் மாதிரி நீண்டால் நீங்கள் குதிக்கும்போது அதுவும் கூடக் குதிக்கும். அப்புறம் பிராவை உள்பக்கம் வெளியே திருப்பி, தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். ஓவர்லாக் அடித்த தையல் மேடாக நிற்கும். ஒரு மணி நேரம் வியர்வையோடு உரசினால் அக்குளில் தோல் உரிந்துவிடும். பிளாட்லாக் தையல் தட்டையாகப் படிந்திருக்கும், விரலில் தட்டாது. விலை கொஞ்சம் கூடினாலும் பிளாட்லாக்கே எடுங்கள். கடைசியாக ட்ரையல் ரூமில் நாலு குதி குதித்து, கையை வீசி, ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். வெளியே இருக்கிறவர்களுக்குச் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

துணியைப் பொறுத்தவரை, காலையில் அரைமணி வாக்கிங் போகிறவர்களுக்குக் காட்டன் லைக்ராவே நல்லது. வியர்த்துக் கொட்டும் அளவுக்கு ஆடுகிறவர்களுக்குக் காட்டன் நனைந்து அப்படியே கிடக்கும். நைலான் அல்லது பாலியஸ்டரோடு ஸ்பான்டெக்ஸ் என்கிற இழுபடும் நூல் கலந்தது சீக்கிரம் காயும். பேடு வைத்தால் கழற்றக்கூடிய பேடாக இருக்கட்டும், தைத்து ஒட்டிய பேடு லேசில் காயாது. எந்தத் துணியானாலும் பயிற்சி முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். ஈரத்தோடு இருந்தால் மார்புக்கு அடியில் அரிப்பும் படையும் வரும், நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

பால் கொடுக்கும் தாய்க்கு

ஏழாம் மாதமே அரை டஜன் வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். ஒன்பதாம் மாதம் ஒன்றிரண்டு மட்டும் வாங்குங்கள். கப்பில் கொஞ்சம் இடம் விட்டு, தளர்வான ஹூக்கில் சௌகரியமாக இருக்கிற மாதிரி. பிள்ளை பிறந்ததும் நெஞ்சுக்கூடு கொஞ்சம் சுருங்கும், அப்போது உள் ஹூக்குக்குப் போகலாம். பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பால் பெருகும்போது மார்பு கனத்து ஒரு சுற்று பெருக்கும். ஆறு வாரத்துக்கு மேல்தான் ஒரு நிதானத்துக்கு வரும். அப்போது மறுபடி அளந்து மீதியை வாங்கலாம். மொத்தம் மூன்று போதும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பீரோவில்.

கம்பி வைத்த பிராவை இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம். இறுக்கமான எதுவும் வேண்டாம். ஓரிடத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே பால் கட்டிக்கொள்ளும், கல் மாதிரி ஆகிவிடும். "இறுக்கிக் கட்டு, இல்லேன்னா தொங்கிப்போயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் மார்பு தளர்வது கர்ப்பத்தாலும் வயதாலும் எடை ஏறி இறங்குவதாலும். பால் கொடுப்பதாலும் வராது, இறுக்கிக் கட்டினாலும் நிற்காது. பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கூட வந்த மாமியாரிடம் இதை நானே சொன்னதுண்டு, "அப்படீங்களா அம்மிணி" என்று கேட்டுக்கொண்டார்.

கிளிப் வைத்த ஃபீடிங் பிராவை வாங்குமுன் இதைச் செய்யுங்கள். ஹேண்ட்பேக்கைக் குழந்தை மாதிரி இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கிளிப்பைத் திறந்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்புறம் கை மாற்றிச் செய்யுங்கள். திறப்பது எல்லாருக்கும் வரும், மாட்டுவதில்தான் திணறுவோம். 2015இலிருந்து தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் பிள்ளை வீறிட்டு அழும்போது துப்பட்டாவுக்குள் ஒரு கைதான் உதவிக்கு இருக்கும்.

கப்பைக் கீழே இறக்கியதும் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சிலவற்றில் வட்டமாகச் சின்ன ஓட்டை மட்டும் இருக்கும், அதன் ஓரம் மார்பைச் சுற்றி அழுத்தும். பக்கவாட்டில் ஒரு பட்டை மட்டும் தாங்கி, முன்பக்கம் நன்றாகத் திறப்பதே நல்லது. குழந்தையின் கன்னமும் தாயின் தோலும் ஒட்டியிருக்க இடம் கிடைக்கும். கப்பின் மேல்பாதி இழுபடும் துணியாக இருந்தால் பால் நிறைந்த நேரத்துக்கும் கொடுத்து முடித்த நேரத்துக்கும் ஒன்றே பொருந்தும்.

ராத்திரிக்கு பிரா கட்டாயம் இல்லை. பால் கசிந்து நைட்டி நனைகிறது என்றால், ஹூக் இல்லாத, முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று மடிந்து விலக்குகிற மாதிரியான மெல்லிய காட்டன் பிரா போட்டு அதில் பேடு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பேடை உடனே மாற்ற வேண்டும், ஈரம் காம்பைப் புண்ணாக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் சரி என்று சொன்ன பின் நடை, ஓட்டம் தொடங்குகிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மார்பு லேசாக இருக்கும். முன்பக்கம் ஜிப் வைத்த, தனித்தனி கப் உள்ள ஸ்போர்ட்ஸ் பிரா இவர்களுக்குச் சௌகரியம். வீடு திரும்பியதும் கழற்றிவிடுங்கள், அதைப் போட்டுக்கொண்டே சமைப்பதும் துணி துவைப்பதும் வேண்டாம்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் வந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னாலொழிய பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

துவைப்பது சுலபம். சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கையால் அலசல். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி எடுத்து நிழலில் போடுங்கள். துணி மென்மையாக ஊற்றும் கண்டிஷனர் ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு ஆகாது, வியர்வையை இழுத்து வெளியேற்றும் தன்மை போய்விடும். கொடியில் போடும்போது ஸ்ட்ராப்பில் தொங்கவிடாமல் நடுவில் மடித்துப் போடுங்கள். உள் ஹூக்கில் மாட்டியும் பட்டி மேலே ஏறத் தொடங்கினால் அந்த பிராவின் காலம் முடிந்தது, டேப்பை எடுத்து மறுபடி அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.